பினாங்கில் கப்பல் நிற்கும் ஒரு பகல்: அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு எங்கே போகலாம்?

நீங்கள் கேட்டது இதுதான். சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுக் கப்பல் பயணம் போகிறீர்கள். நடுவில் ஒரு நாள் பினாங்கு, மறுநாள் புக்கெட். பினாங்கில் காலை 10 மணிக்குக் கப்பலைக் கரையில் கட்டுகிறார்கள், இரவு 7 மணிக்குக் கிளம்புகிறது, 6 மணிக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும். கூட வருவது முழங்கால் வலி உள்ள 68 வயது அம்மாவும், கடலில் குளித்தே ஆக வேண்டும் என்று நிற்கும் ஏழு வயது மகனும். பினாங்கு மலை, கெக் லோக் சி என்ற சீன பௌத்தக் கோயில், தண்ணீர்மலை முருகன், பத்து ஃபிரிங்கி கடற்கரை, லிட்டில் இந்தியா ஆகிய ஐந்தையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா, கப்பலில் விற்கும் சுற்றுலாவை வாங்குவதா, நாமே போய்வருவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவன். பத்தொன்பது ஆண்டுகளாக உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். அதில் பெரும்பகுதி கப்பலிலிருந்து இறங்கி வருபவர்களோடுதான் கழிந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், ஐந்தும் முடியாது. ஒரு தூரத்து இடமும் ஊருக்குள் இரண்டு மூன்று இடமும் நிம்மதியாகப் பார்க்கலாம். எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் வைப்பது என்பதைச் சரியாக அமைத்துக்கொண்டால் அம்மாவுக்கும் பையனுக்கும் நல்ல நாளாக அமையும்.

முதலில் நேரத்தைக் கணக்குப் பார்ப்போம். தாளில் 9 மணி நேரம் இருக்கிறது. கப்பல் 10 மணிக்குக் கட்டினாலும், துறைமுக அதிகாரிகள் ஏறிப் பார்த்து அனுமதி தந்த பிறகுதான் இறங்கும் வழியைத் திறப்பார்கள். ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் லிஃப்ட் வாசலில் நிற்பார்கள். அப்புறம் குடிநுழைவுச் சோதனை. அம்மாவோடு நடக்கிற வேகத்தில் நீங்கள் முனையத்தை விட்டு வெளியே வரும்போது 11 மணி ஆகியிருக்கும். திரும்பும்போது 6 மணிக்குச் சரியாக வந்து நிற்கலாம் என்று நினைக்காதீர்கள். 5:15-க்கு முனைய வாசலில் இருக்க வேண்டும். ஆக உங்கள் கையில் இருப்பது ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அதில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு.

இங்கே ஒரு நல்ல செய்தி. பல தீவுகளில் பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். மறுநாள் புக்கெட்டில் படோங் கடற்கரைக்கு எதிரே உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். பினாங்கில் அந்தத் தொல்லை இல்லை. ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் நேராகக் கரையில் கட்டும். அந்தத் துறை ஜார்ஜ் டவுன் நகரத்தின் மடியிலேயே இருக்கிறது. வாசலைத் தாண்டினால் விக்டோரியா ராணி மணிக்கூண்டு. ராணி ஆட்சிக்கு வந்து அறுபது ஆண்டு நிறைந்த 1897-ஐ நினைவுகூர, ஆண்டுக்கு ஓர் அடியாக அறுபது அடி உயரத்தில் சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் கட்டிக் கொடுத்தது. அதன் பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றிய பகுதி அது. அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு அம்மாவின் நடையில்கூட கால் மணி நேரம் போதும். 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை நகரமாக அறிவித்த பகுதியின் பெரும்பாலான முக்கிய இடங்கள் இந்தத் துறையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குள் வந்துவிடும்.

அதனால்தான் வருபவர்களிடமெல்லாம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: தூரத்தை முதலில் முடியுங்கள், பக்கத்தைக் கடைசியில் வையுங்கள். கப்பல் கண்ணில் படுகிற தூரத்தில் மாலைப் பொழுதைக் கழித்தால் எந்த நெரிசலும் உங்களை ஒன்றும் செய்யாது. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இறங்கியதும் பக்கத்தில் இருக்கிற கோட்டை, சுவரோவியம் என்று இரண்டு மணி வரை சுற்றிவிட்டு, சாப்பிட்டு முடித்து, மூன்று மணிக்கு மேல் கடற்கரைக்கோ மலைக்கோ வண்டி பிடிக்கிறார்கள். திரும்பி வரும் நேரம் பள்ளிக்கூடமும் அலுவலகமும் விடுகிற நேரம். காலையில் 25 நிமிடம் எடுத்த சாலை 5 மணிக்கு ஒரு மணி நேரம் எடுக்கும். மழை பிடித்தால் அதற்கும் மேல்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களை ஏமாற்றுகிற இன்னொன்று எங்கள் ஊர் வெயில். இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரம் சூரியனை விட வேகமாக ஓடுகிறது. கிழக்கு மலேசிய மாநிலங்களான சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் இங்கே கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள், சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. அதனால் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1:20 வாக்கில். சென்னையில் அது 12:10 வாக்கில் நடந்துவிடும். இதனால் உங்களுக்கு இரண்டு விளைவுகள். ஒன்று, வெயில் கொளுத்துவது 1 மணியிலிருந்து 4 மணி வரை. அந்த நேரத்தில் அம்மா நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றது, மாலை ஐந்தரை மணிக்கு வானத்தைப் பார்த்தால் ஊரில் நாலேகால் போல இருக்கும். பொழுது இன்னும் நிறைய இருக்கிறது என்று மனசு சொல்லும், அதை நம்பக் கூடாது. கையில் ஒரு கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

அப்படி நம்பிய ஒரு குடும்பத்தை நான் மறக்கவில்லை. கணவன், மனைவி, பள்ளி வயதில் ஒரு பெண். கப்பல் 6 மணிக்குக் கிளம்ப வேண்டிய நாள். மூன்று மணிக்குத் தாங்களாகவே பத்து ஃபிரிங்கி போயிருக்கிறார்கள். துறையிலிருந்து 15 கிலோமீட்டர் அளவுதான், ஆனால் பாதி தூரம் மலைக்கும் கடலுக்கும் நடுவில் வளைந்து போகிற சாலை. மாலையில் ஊரின் கடலோரப் பகுதியான குர்னி பக்கம் வந்ததும் வண்டிகள் நகரவில்லை. 6:10-க்கு அவர்கள் முனையத்துக்குள் ஓடி வந்தபோது நான் வேறொரு குழுவை அனுப்பிவிட்டு அங்கே நின்றிருந்தேன். கப்பலின் கடைசிக் கயிற்றை அவிழ்த்து நீரில் போட்டுவிட்டார்கள். கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் ஒரு பேருந்து அகலத்துக்குத் தண்ணீர், அது கண் முன்னாலேயே அகன்றது. அந்தப் பெண் குழந்தையின் தலையில் இன்னும் மணல் இருந்தது. அப்பா ஓடியதில் நனைந்த துண்டு தோளிலிருந்து விழுந்து கிடந்தது. கப்பலின் துறைமுக முகவர் வந்தார். கப்பல் கிளம்பும் முன்பே அறையிலிருந்து அவர்களுடைய கடவுச்சீட்டுகளை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் விமானத்தில் சிங்கப்பூர் போனார்கள். செலவு முழுக்க அவர்களுடையது. எல்லாவற்றையும் விட அன்று இரவு எங்களை அலைய வைத்தது அந்த அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைதான். அது கப்பல் அறையில் இருந்தது, மருந்துச்சீட்டும் அங்கேதான். நான்கு மருந்துக்கடை ஏறி இறங்கினோம்.

அதனால் கரையில் இறங்கும்போது அம்மாவின் மாத்திரைகள் இரண்டு நாளைக்குப் போதுமான அளவும், மருந்துச்சீட்டின் படமும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். கப்பல் அட்டை, கடவுச்சீட்டு அல்லது கப்பல்காரர்கள் கொண்டுபோகச் சொல்கிற ஆவணம், அன்றைய கப்பல் தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக முகவரின் தொலைபேசி எண், இந்த மூன்றும் கட்டாயம். அந்தத் தாளைக் கையில் பிடித்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கப்பலில் விற்கும் சுற்றுலாவுக்குக் கூடுதல் விலை கொடுக்கும்போது நீங்கள் வாங்குவது ஒரு உத்தரவாதம். அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை அவர்கள் ஏற்பார்கள். நீங்களாகப் போனால் காத்திருக்க மாட்டார்கள். உங்களுக்கு என் யோசனை, தனியாகவே போங்கள். நான் வழிகாட்டியாக இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன். நாற்பது பேர் கொண்ட பேருந்தில் அம்மா ஒவ்வோர் இடத்திலும் ஏறி இறங்க வேண்டும், கொடி பிடித்தவர் பின்னால் மற்றவர்கள் வேகத்துக்கு நடக்க வேண்டும். முழங்கால் வலிக்கிறவருக்கு அது தண்டனை. வாடகை வண்டி பிடிக்கும் கிராப் செயலி இங்கே நன்றாக ஓடுகிறது, சிங்கப்பூரில் போட்ட அதே செயலி போதும். ஆனால் பத்து ஃபிரிங்கிதான் வேண்டும், அதுவும் பிற்பகலில்தான் என்று முடிவு செய்தால் அதற்கு மட்டும் கப்பல் சுற்றுலாவை எடுங்கள்.

பத்து ஃபிரிங்கி பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எங்கள் ஊர்தான் என்றாலும். மணல் அழகு, சாய்ந்த மரங்கள் அழகு, மாலை வெளிச்சம் அழகு. தண்ணீர் தெளிவாக இருக்காது. மலாக்கா நீரிணையின் இந்தப் பக்கம் வண்டல் கலந்த கடல். ஜெல்லி மீன் கொட்டிய நிகழ்வுகளும் உண்டு. மருத்துவமனைக்குப் போக வேண்டிய அளவுக்குக் கொட்டும் வகைகளும் இங்கே காணப்பட்டிருக்கின்றன. ஏழு வயதுப் பையனை, திரும்பும் நேரம் குறிக்கப்பட்ட ஒரு நாளில், அந்தக் கடலில் இறக்க நான் சொல்ல மாட்டேன். அன்று காலை கப்பலின் நீச்சல் குளத்தில் ஆசை தீரக் குளிக்க விடுங்கள், மறுநாள் புக்கெட்டில் கடலைக் காட்டலாம்.

தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். தைப்பூசத்தில் அந்தப் படிகளில் காவடிகள் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அம்மாவை ஏறச் சொல்லாதீர்கள். கெக் லோக் சி 1890-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அடுக்கடுக்காகக் கட்டியது, அதுவும் படிகள்தான். அங்கே ஒரு வழி உண்டு. கருணைத் தெய்வமான குவான் யின்னின் முப்பது மீட்டர் உயர வெண்கலச் சிலை இருக்கும் மேல்தளத்துக்கு வண்டியிலேயே போகலாம், சாய்வு லிஃப்டும் இருக்கிறது. ஆனால் மலையையும் அதையும் சேர்த்தால் ஊருக்குள் உட்கார நேரம் இருக்காது. உங்கள் நிலையில் நான் அதை விட்டுவிடுவேன்.

மிச்சம் பினாங்கு மலை. அம்மாவின் காலுக்கும் பையனின் மனசுக்கும் சேர்ந்து ஒத்துவருவது இதுதான். 1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயில் அது. என் சின்ன வயதில் மரப்பெட்டி வண்டி, நடுவழியில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும், மேலே போக அரை மணி நேரம். 2011-இல் புது வண்டிகள் வந்த பிறகு பத்து நிமிடத்துக்குள் மேலே போய்விடுகிறது. பையனை முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி நிறுத்துங்கள். தண்டவாளம் செங்குத்தாக மரங்களுக்குள் நுழைகிற காட்சியை அவன் மறக்க மாட்டான். மேலே ஊரை விட நாலைந்து டிகிரி குளிர்ச்சி. கீழே ஜார்ஜ் டவுனும், நீரிணையும், 1985-இல் திறந்த பழைய பாலமும் ஒரே பார்வையில் தெரியும். உங்கள் கப்பலையும் தேடிக் கண்டுபிடிக்கலாம், பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. உச்சியில் அருளொளித் திருமுருகன் ஆலயம் இருக்கிறது, பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசல். தண்ணீர்மலை முருகனைப் பார்க்க முடியாத குறை அம்மாவுக்கு இங்கே தீரும்.

மலையில் எது உறுதி, எது உறுதியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரயில் உங்களை வேகமாக ஏற்றும் என்பது உறுதி. வரிசை எவ்வளவு நீளம் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சாதாரண நாளில் கால் மணி நேரம் நிற்பீர்கள். மலேசியப் பள்ளி விடுமுறையிலும், ஒரே நாளில் இரண்டு கப்பல் வந்தாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். பராமரிப்புக்காகச் சில நாட்கள் ரயிலை நிறுத்துவதும் உண்டு. முதல்நாள் இரவே மலை ரயிலின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். காலையில் கீழ் நிலையத்துக்குப் போனதும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தால் தயங்காமல் திரும்பிவிடுங்கள். அங்கிருந்து தாவரவியல் பூங்கா அதிக தூரமில்லை. 1884-இல் அமைத்த பழைய பூங்கா, பெருமரங்களின் நிழலில் அம்மா உட்காரலாம். குரங்குகள் உண்டு. பையன் கையில் தின்பண்டம் இருக்கக் கூடாது.

11 மணிக்கு முனையத்திலிருந்து வண்டி பிடித்தால் பதினொன்றரைக்கு ஆயர் ஈத்தாமில் மலையடிவாரம். எல்லாம் சரியாகப் போனால் பன்னிரண்டு, பன்னிரண்டேகாலுக்கு மேலே. ஒரு மணி நேரம் மேலே இருந்துவிட்டு, இரண்டு இரண்டரைக்குள் லிட்டில் இந்தியா வந்துவிடுங்கள். வெயில் உச்சத்தில் நீங்கள் மலைக் குளிரில் இருப்பீர்கள் என்பதும் இதில் ஒரு லாபம்.

சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும், சைவக் கடைகளும் உண்டு. ஆனால் கப்பலில் வந்து பினாங்கில் இறங்கிவிட்டு ஊரில் சாப்பிடுவதையே சாப்பிட்டுப் போவது எனக்கு வருத்தம் தரும். அசைவம் உண்பீர்கள் என்றால் நாசி கந்தார் சாப்பிடுங்கள். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் காவடித் தண்டு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்பும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு அது. அந்தத் தண்டுக்குப் பெயர்தான் கந்தார். ஒரே தட்டில் நாலைந்து குழம்பையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஊற்றச் சொல்ல வேண்டும், ‘பஞ்ஜிர்’ என்று சொன்னால் போதும், வெள்ளம் போல ஊற்றுவார்கள். குழம்புகள் ஒன்றோடொன்று கலக்கிற இடத்தில்தான் அதன் ருசி இருக்கிறது. கேம்பெல் வீதியில் ஹமீதியா 1907 முதல் இருக்கிறது. அம்மா சைவம் என்றால் ஓர் எச்சரிக்கை. இங்கே ‘காய்கறி’ என்று சொல்லித் தருவதில்கூட பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கலாம், சம்பல் என்ற மிளகாய் விழுதில் பெரும்பாலும் இருக்கும். ஆசாம் லக்சா என்ற நூடுல்ஸின் சாறே மீன். அம்மாவுக்கு லிட்டில் இந்தியாவின் சைவக் கடைதான் பாதுகாப்பு. செண்டோல் எல்லோருக்கும் பொது. தேங்காய்ப்பால், வெல்லப்பாகு, பச்சை நிறத்தில் புழு வடிவ மாவுத் துண்டுகள், மேலே நொறுக்கிய பனி. பையன் இரண்டாவது கிண்ணம் கேட்பான். பணத்துக்கு லிட்டில் இந்தியாவில் பணமாற்றுக் கடைகள் நிறைய. நாங்கள் ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்போம், கடைக்காரர் பத்து வெள்ளி என்றால் திகைக்க வேண்டாம்.

மூன்றரைக்கு மேல் அம்மாவின் காலைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். இங்கே கடைகளின் முன்னால் ‘ஐந்தடி’ என்று ஒரு மூடிய நடைவழி இருக்கும். நிழலாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வோர் உயரம். நாலு எட்டுக்கு ஒரு படி, நடுவில் மோட்டார் சைக்கிள், பக்கத்தில் திறந்த வடிகால். முழங்கால் வலி உள்ளவர்கள் சோர்ந்துபோவது மலையிலோ கோயிலிலோ இல்லை, இந்த ஐந்தடியில்தான். சக்கர நாற்காலியும் இதில் ஓடாது. ஒரு திரிஷா பிடித்துவிடுங்கள். முன்னால் இரண்டு பேர் உட்கார, பின்னால் மிதித்து ஓட்டும் வண்டி. ஏறும் முன்பே எத்தனை மணி நேரம், எவ்வளவு வெள்ளி என்று பேசிக்கொள்ளுங்கள். அம்மாவும் பையனும் அதில் வரட்டும், நீங்கள் பக்கத்தில் நடக்கலாம். ஆர்மீனியன் வீதியில் 2012-இல் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்த சுவரோவியம், நிஜ சைக்கிளில் இரண்டு குழந்தைகள். படம் எடுக்க வரிசை நிற்கும், பையன் அதைக் கேட்கத்தான் செய்வான். வெயில் தாங்கவில்லை என்றால் சர்ச் வீதியின் பெரானாகான் மாளிகைக்குள் போய்விடுங்கள்.

நான்கரை வாக்கில் மகாமாரியம்மன் கோயில். 1833-இல் கட்டியது, இந்தத் தீவின் மிகப் பழைய இந்துக் கோயில். பொதுவாக நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள். காலையில் இறங்கியதும் ஓடிப் போகாமல் கடைசிக்கு வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அங்கிருந்து எட்டி நடந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் மொஹிதீன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. சூலியா வீதி முனையில் நாகூர் தர்காவின் சாயலில் ஒரு சின்ன தர்கா. செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய பழைய கிட்டங்கிகள் இருந்த பினாங்கு வீதியும் பக்கம்தான்.

அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ரஜூலா என்ற கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு, 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை, இந்தத் துறைமுகத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்தது. மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்கள் அவர்கள். அம்மை, காலரா பயத்தால் பலரை முதலில் ஜெரெஜாக் என்ற பக்கத்துத் தீவில் நாட்கணக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குள் விட்டார்கள். என் தாத்தா அப்படி வந்தவர். உங்கள் அம்மா வயதுப் பெண்கள் பலர் இந்த வீதியில் நின்று, தங்கள் குடும்பத்தில் பினாங்குக்குப் போய்த் திரும்பாத ஒரு பெரியப்பாவையோ மாமாவையோ திடீரென்று நினைவுகூர்வதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் கொஞ்சம் நேரம் விட்டுவையுங்கள்.

விசா விஷயத்தில் நான் சொல்வதைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா 30 நாள் வரை விசா விலக்கு தந்திருக்கிறது. மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். பலர் கவனிக்காத இடம் சிங்கப்பூர். கப்பலில் வெளியே போய்த் திரும்பி வருவது சிங்கப்பூருக்குள் இரண்டாவது நுழைவு. உங்கள் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று பாருங்கள். இந்த விதிகள் மாறுகிறவை, புக்கெட்டுக்கும் சேர்த்துக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவின் காலுக்கு இந்த அலைச்சல் சரியா என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சில சின்ன விஷயங்கள். கப்பலில் தொலைபேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள், கடல் வலையமைப்பில் தானாக இணைந்தால் கட்டணம் எகிறும். டுரியானைக் கப்பலுக்குள் கொண்டுபோக நினைக்க வேண்டாம், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் நேரம் ஒன்றுதான், அதனால் பினாங்கில் குழப்பம் இல்லை. புக்கெட்டில் தாய்லாந்து நேரம் ஒரு மணி பின்னால். கப்பல் தன் நேரத்தை மாற்றாமல் சிங்கப்பூர் நேரத்திலேயே போகலாம், உங்கள் தொலைபேசியோ தானாக மாறிவிடும். கப்பலில் 5 மணி ஆகும்போது தொலைபேசி 4 என்று காட்டும். அன்றைய தாளில் ‘கப்பல் நேரம்’ என்ன என்று பார்த்து, இறங்கும் முன்பே உங்கள் கைக்கடிகாரத்தை அதற்கு வைத்துவிடுங்கள்.

5:15-க்கு முனையம் வந்து ஏறிவிட்டீர்கள் என்றால் அம்மா ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்கட்டும். ஆறே முக்காலுக்கு எழுப்பி, கப்பலின் இடப்பக்க மேல்தளத்துக்கு மூவரும் வாருங்கள். தெற்கே பழைய பாலம் குறுக்கே இருப்பதால் இவ்வளவு உயரமான கப்பல் அந்தப் பக்கம் போக முடியாது, வடக்கே திரும்பித்தான் போகும். தீவு உங்கள் இடக்கைப் பக்கம் முழுக்க வரும். முதலில் கோட்டை, அப்புறம் 1885-இல் தொடங்கிய ஈ அண்ட் ஓ ஹோட்டலின் வெள்ளைச் சுவர், குர்னியின் உயரக் கட்டடங்கள், தஞ்சோங் பூங்கா என்ற கடலோரப் பகுதியில் நீர்மேல் நிற்கும் பள்ளிவாசல். இங்கே சூரியன் மறைவது ஏழு மணிக்கும் ஏழே முக்காலுக்கும் இடையில், மாதத்தைப் பொறுத்து. பொழுது தாமதமாக மறையும் மாதமாகவும் மேகம் இல்லாத நாளாகவும் இருந்தால், பையன் கேட்ட பத்து ஃபிரிங்கி கடற்கரை அந்த வெளிச்சத்தில் ஒரு நீண்ட மஞ்சள் கோடாகத் தெரியலாம். அவனுக்கு அதைக் காட்டுங்கள்.